பிடி-1, சிடி28 ஆய்வுக்கு செல் லைன் உருவாக்குவது எப்படி? புதிதாக ஆய்வகத்துக்கு வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துக் கல்லூரிகளில் பயோடெக்னாலஜி முடித்துவிட்டு ஆய்வகத்துக்கு வருகிற பிள்ளைகள் வந்த வாரமே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஏனுங்க்கா, பிடி-1 போட்ட ஜர்காட் செல் எப்படிப் பண்றதுங்க?" நல்ல கேள்விதான். பிடி-1 என்பது நோய் எதிர்ப்பு வேலை செய்யும் டி செல்லின் மேலுள்ள ஒரு தடைப் புரதம்; ஜர்காட் என்பது ஆய்வகத்தில் ஓயாமல் பெருகும் டி செல் வரிசை, அதாவது ஒரு செல் லைன். ஆனால் வைரஸ், பிளாஸ்மிட் (ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்), புரோமைசின் (ஜீன் ஏறாத செல்லைக் கொல்லும் மருந்து) என்று இறங்குவதற்கு முன்னால் காகிதத்தில் முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. எந்த சிக்னலை அளக்கப் போகிறோம், அது எந்த செல்லிலிருந்து வரும், அது வராதபோது எப்படித் தெரிந்துகொள்வோம் என்ற மூன்றையும் எழுதி வைத்துவிட்டு ஆரம்பித்தால் பெஞ்ச் வேலை அவ்வளவு கடினமில்லை. எழுதாமல் ஆரம்பித்தவர்களின் செல் லைன் நன்றாக வளரும், நன்றாக ஒளி கொடுக்கும், ஆனால் எதை அளக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தக் கட்டுரை அந்த வரிசையில்தான் போகிறது.

இரண்டு சிக்னல்கள், ஒரு தடை

டி செல் ஒன்று விழித்தெழ, அதன் டி செல் ஏற்பி எதிரில் உள்ள செல் காட்டும் ஆன்டிஜனை, அதாவது அன்னியப் பொருளின் துண்டை, அடையாளம் காண வேண்டும். இது முதல் சிக்னல். கூடவே டி செல்லின் மேலுள்ள சிடி28, எதிர் செல்லின் சிடி80 அல்லது சிடி86 புரதத்தைப் பிடிக்க வேண்டும். இது இரண்டாவது, அதாவது கோ-ஸ்டிமுலேஷன். முதல் சிக்னல் மட்டும் கிடைத்து இரண்டாவது கிடைக்காவிட்டால் டி செல் வேலை செய்யாது என்பதோடு நிற்காது. அடுத்த முறை இரண்டும் சேர்ந்து வந்தாலும் சரியாக எழாத மந்த நிலைக்குப் போய்விடும். தோட்டத்துக் கிணற்று மோட்டாரை ஓட்டிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். பச்சைப் பட்டனை அழுத்தினால் மட்டும் போதாது, மூன்று பேஸும் வர வேண்டும். ஒரு பேஸ் இல்லாமல் ஓடவிட்டால் காயில் போய்விடும். சிவப்புப் பட்டன் தனியாக இருக்கிறது.

அந்தச் சிவப்புப் பட்டன்கள்தான் இம்யூன் செக்பாயின்ட் என்று சொல்லப்படுபவை. சிடிஎல்ஏ-4, சிடி28 பிடிக்கும் அதே சிடி80, சிடி86 புரதங்களை இன்னும் இறுக்கமாகப் பிடித்து, சிடி28-க்குக் கிடைக்காமல் செய்கிறது. பிடி-1 வேறு வழி: எதிர் செல்லில் உள்ள பிடி-எல்1 அல்லது பிடி-எல்2-வைப் பிடித்ததும், தன் வால் பகுதியில் எஸ்எச்பி2 என்ற பாஸ்ஃபடேஸைக் கூட்டி வந்து, அருகிலுள்ள சிக்னல் புரதங்களின் பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிறது. கழற்றப்படுவதில் சிடி28-இன் வால்தான் முக்கியமான ஒன்று என்று 2017-இல் வந்த ஆய்வுகள் காட்டின. தடுப்பு ஏற்பியைப் படிக்க வருபவர் கோ-ஸ்டிமுலேஷனைத் தள்ளி வைக்க முடியாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் மருத்துவ நோபல் கிடைத்தது இந்தத் தடைகளை எடுத்துவிட்டால் புற்றுநோயை எதிர்க்கலாம் என்று காட்டியதற்காக. ஆன்டிபாடி என்பது ஒரு குறிப்பிட்ட இலக்கைத் தேடிப் பிடிக்கும் புரதம். அந்த வகை மருந்துகளில் சிடிஎல்ஏ-4-ஐ மறிக்கும் இபிலிமுமாப் 2011-லும், பிடி-1-ஐ மறிக்கும் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் இரண்டும் 2014-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவை ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் ஒரே வீரியத்தோடு இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கும், அவற்றின் பயோசிமிலர்களை (அவற்றை ஒத்து வேறு நிறுவனம் தயாரிப்பவை) ஒப்பிடுவதற்கும் நாம் பேசும் வகை செல் லைன்கள்தான் பயன்படுகின்றன. எனவே இது கற்றுக்கொண்டால் ஆய்வுக்கு மட்டுமில்லை, மருந்து நிறுவன வேலைக்கும் உதவும்.

முதல் படி: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"பிடி-1 பற்றி ஆய்வு" என்பது கேள்வி ஆகாது. "பிடி-எல்1 இருக்கும்போது குறைந்த என்ஃபாட் சிக்னலை இந்த ஆன்டிபாடி எந்த அடர்த்தியில் பாதியளவு மீட்கிறது?" என்பது கேள்வி. "சிடி86 சேர்த்தால் ஐஎல்-2 புரோமோட்டர் எவ்வளவு கூடுகிறது?" என்பதும் கேள்வி. என்ஃபாட் என்பது டி செல் விழித்ததும் ஜீன்களை இயக்கும் புரதம்; ஐஎல்-2 என்பது டி செல்லைப் பெருகச் செய்யும் புரதம்; புரோமோட்டர் என்பது ஒரு ஜீனை இயக்கிவைக்கும் டிஎன்ஏ பகுதி. அந்த இரண்டு கேள்விக்கும் ஒரே செல் லைன் போதும் என்று நினைப்பதுதான் புதியவர்கள் பலர் வழி தவறும் இடம்.

காரணம் இதோ. பிடி-1 ஆய்வுக்குப் பரவலாகப் பயன்படும் அமைப்பில் எதிர் செல் என்பது சிஎச்ஓ-கே1, அதாவது சீன ஹாம்ஸ்டரின் சினைப்பைச் (ஓவரி) செல். அதன் மேல் பிடி-எல்1-உம், டி செல் ஏற்பியோடு சேர்ந்திருக்கும் சிடி3-ஐப் பிடித்துத் தூண்டும் ஆன்டிபாடித் துண்டும் ஏற்றப்பட்டிருக்கும். மனித சிடி80, சிடி86 அதில் கிடையாது. ஆகவே அங்கே நீங்கள் பார்ப்பது டி செல் ஏற்பியின் சிக்னலை பிடி-1 எவ்வளவு அடக்குகிறது என்பதை மட்டும். சிடி28 அந்தக் காட்சியிலேயே இல்லை. மருந்தின் வீரியத்தை அளக்க அது போதுமானது, எளிமையானது, திரும்பத் திரும்பச் செய்தாலும் ஒரே விடை தரும். ஆனால் கோ-ஸ்டிமுலேஷனைப் பற்றி அதை வைத்து ஒரு வரிகூட எழுதக் கூடாது.

இரண்டாவது படி: செல்களைத் தேர்ந்தெடுப்பது

பதில் சொல்லும் செல்லாக ஏறக்குறைய எல்லோரும் எடுப்பது ஜர்காட். 1970-களில் லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) இருந்த 14 வயதுச் சிறுவனின் ரத்தத்திலிருந்து வந்த டி செல் வரிசை இது. இ6-1 என்ற குளோன் (ஒற்றைச் செல்லிலிருந்து பெருகிய கூட்டம்) அதிகம் புழங்குகிறது. டி செல் ஏற்பி, சிடி3, சிடி28 எல்லாம் இயல்பாகவே இருக்கின்றன. தூண்டாத நிலையில் பிடி-1 மேற்பரப்பில் பெரிதாக இராது, எனவே அதை நாம்தான் ஏற்ற வேண்டும்.

ஜர்காட்டின் ஒரு குணத்தை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். பிஐ3-கைனேஸ் என்ற சிக்னல் பாதையை அடக்கி வைக்கும் பிடென் என்ற புரதம் இதில் இல்லை. அதனால் பிஐ3-கைனேஸ் பாதை தூண்டாமலே ஓரளவு ஓடிக்கொண்டிருக்கும். சிடி28-உம் அதே பாதையைத்தான் தூண்டுகிறது. ஆகவே ஜர்காட்டில் சிடி28-இன் பங்கு, மனித ரத்தத்தின் டி செல்லில் தெரிவதைவிடச் சிறியதாகத் தெரியலாம். "சிடி28 சேர்த்தும் பெரிய மாற்றம் இல்லையே" என்று யாராவது வருத்தப்பட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எதிர் செல்லுக்கு மூன்று நல்ல வழிகள் உண்டு. சிஎச்ஓ-கே1 தரையில் ஒட்டி வளரும், வெளியிலிருந்து ஏற்றிய மனிதப் புரதம் மட்டுமே அதில் இருக்கும், கணக்கு சுத்தமாக இருக்கும். ராஜி என்பது 1963-இல் நைஜீரியச் சிறுவன் ஒருவனின் பர்க்கிட் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலிருந்து வந்த பி செல். சிடி80, சிடி86 இரண்டும் அதில் பிறவியிலேயே இருக்கின்றன. சிடிஎல்ஏ-4 ஆய்வுக்கு அது பொருத்தம். கே562 என்ற ரத்தப் புற்றுநோய்ச் செல் மூன்றாவது, ஆன்டிஜனைக் காட்டும் வகுப்பு 1, வகுப்பு 2 எச்எல்ஏ புரதங்கள் அதன் மேல் இல்லாததால் வேண்டியதை மட்டும் ஏற்றிக்கொள்ள வசதி.

இங்கே ஒரு நுணுக்கம், பாடப் புத்தகத்தில் எளிதில் கண்ணில் படாதது. ஒரே எதிர் செல்லில் பிடி-எல்1-உம் சிடி80-உம் சேர்த்து ஏற்றினால், அவை இரண்டும் அந்தச் செல்லின் மேலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிடி-1-க்குப் போய்ச் சேர வேண்டிய பிடி-எல்1 குறைந்துவிடும். தடையும் கோ-ஸ்டிமுலேஷனும் ஒரே செல்லில் வேண்டும் என்றால் சிடி86-ஐ ஏற்றுங்கள். அது பிடி-எல்1-ஐப் பிடிப்பதில்லை.

சிடிஎல்ஏ-4 ஏற்றுபவர்களுக்கும் ஒரு சொல். அதன் வால் பகுதியில் உள்ள ஒரு சிறு வரிசை, மேற்பரப்புக்கு வந்த புரதத்தைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுத்துவிடும். முழு ஜீனை ஏற்றிவிட்டு மேற்பரப்பில் சாயம் பூசினால் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. வாலைத் திருத்தினால் வெளியே நிற்கும், ஆனால் உள்ளே அனுப்பும் சிக்னல் போய்விடும். லிகண்டுக்கு, அதாவது எதிர் செல்லின் சிடி80, சிடி86-க்கு, போட்டி போடும் வேலை மட்டும் மிஞ்சும். எது வேண்டும் என்பதை உங்கள் ஒரு வரிக் கேள்விதான் சொல்லும்.

மூன்றாவது படி: ஒளி எங்கிருந்து வருகிறது?

ரிப்போர்ட்டர் என்பது ஒரு புரோமோட்டர், அதற்குப் பின்னால் மின்மினிப் பூச்சியின் லூசிஃபரேஸ் ஜீன். சிக்னல் வந்தால் புரோமோட்டர் இயங்கும், லூசிஃபரேஸ் உருவாகும், லூசிஃபெரின் ஊற்றினால் ஒளி வரும். லூமினோமீட்டர் எண்ணைக் கொடுக்கும்.

எந்தப் புரோமோட்டர் என்பதுதான் உயிர்நாடி. என்ஃபாட் வரிசை போட்டால், கால்சியம் ஏறி கால்சினியூரின் என்ற நொதி வேலை செய்வதைப் பார்க்கிறீர்கள். அது பெரும்பாலும் முதல் சிக்னல். பிடி-1 ஆய்வுக்கு அது வசதி. ஐஎல்-2 புரோமோட்டர் போட்டால் என்ஃபாட், ஏபி-1, என்எஃப்-கப்பா பி என்ற ஜீன் இயக்கும் புரதங்கள் மூன்றும் சேர்ந்தால்தான் நல்ல ஒளி வரும். சிடி28-இன் பங்கு இங்கே தெளிவாகத் தெரியும், சிடிஎல்ஏ-4 அதைப் பறிப்பதும் தெரியும். 4-1பிபி, ஓஎக்ஸ்40, ஜிஐடிஆர் போன்ற டிஎன்எஃப் குடும்ப ஏற்பிகளுக்கு என்எஃப்-கப்பா பி வரிசைதான் சரி. அந்தக் குடும்பத்தில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: ஏற்பிகள் கூட்டமாகச் சேர்ந்தால்தான் சிக்னல் போகும். ஆன்டிபாடியை வெறுமனே மீடியத்தில் (செல் வளரும் திரவம்) கலந்தால் பல நேரம் ஒளி வராது. ஆன்டிபாடியின் வாலைப் பிடித்துச் சேர்த்து வைக்க எஃப்சி காமா ஏற்பி உள்ள இன்னொரு செல் கூடவே வேண்டும்.

அனுமதியும் செல் வரவழைப்பதும்

மரபு மாற்றிய செல்லைத் தொடுவதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஜீனைச் செல்லுக்குள் ஏற்றும் லென்டிவைரஸ் பயன்படுத்தினால் இரண்டாம் நிலைப் பாதுகாப்பு ஹூடு இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். ஜர்காட் உட்பட பல செல் லைன்கள் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் கிடைக்கும். பக்கத்து ஆய்வகத்தில் இரவல் வாங்கினால் பணம் மிச்சம்தான். ஆனால் எஸ்டிஆர் பரிசோதனை (செல் எது என்று டிஎன்ஏ வைத்து உறுதி செய்வது) சான்றும் மைகோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா இல்லை என்ற முடிவும் இல்லாத செல்லை என் இன்குபேட்டருக்குள் நான் விடமாட்டேன், நீங்களும் விடாதீர்கள்.

வளரும் நிலையில் ஃப்ளாஸ்க்கில் வந்தால், பயணக் களைப்பு தீர 37 டிகிரியில் சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். பிறகு மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, மிதக்கும் செல்லாக இருந்தால் மெதுவாகச் சுற்றி எடுத்து, புது மீடியத்தில் விடுங்கள். உறைந்த நிலையில் வந்த குப்பியை 37 டிகிரி தண்ணீரில் சின்ன ஐஸ் துண்டு மிஞ்சும் வரை மட்டும் காட்டி, உடனே சூடான மீடியத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். உருகும்போது வேகம், கலக்கும்போது நிதானம்.

நான்காவது படி: வளர்ப்பு

இந்தப் பகுதியை நீட்டி எழுதக் காரணம், ஆய்வு கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஜர்காட்டுக்கு ஆர்பிஎம்ஐ-1640 மீடியம், 10 சதவீதம் சீரம், 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. ஒரு மில்லிக்கு 1 லட்சத்துக்குக் குறையாமல், 10 லட்சத்தைப் பெரிதாகத் தாண்டாமல் வைத்திருங்கள். நன்றாக இருக்கும் ஃப்ளாஸ்க்கை இன்வெர்ட்டட் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள்: செல்கள் உருண்டையாக, விளிம்பு பளிச்சென்று, பத்து இருபது சேர்ந்து கொத்துக் கொத்தாக மிதக்கும். ஃப்ளாஸ்க்கை லேசாக ஆட்டினால் கொத்து பிரிந்து மறுபடி சேரும். கெட்டுப்போகும் ஃப்ளாஸ்க்கில் கொத்துகள் குறைந்து, செல்கள் சுருங்கி உள்ளே புள்ளி புள்ளியாகக் கறுத்திருக்கும். மீடியத்தின் நிறமும் பேசும். சிவப்பு ஆரஞ்சாகும்போதே பிரித்துவிட வேண்டும். எலுமிச்சை மஞ்சளாகும் வரை விட்ட செல்லை அன்றே பரிசோதனைக்கு எடுத்தால் ஒளி பாதியாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. இரண்டு முறை பிரித்து வளர்த்த பிறகு எடுங்கள்.

எண்ணுவது எளிது, ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். டிரிபான் ப்ளூவுடன் சம அளவு கலந்து, கவுன்டிங் சேம்பரில் விட்டு, நான்கு மூலைப் பெரிய சதுரங்களை எண்ணிச் சராசரி எடுங்கள். சராசரியை 2-ஆல் பெருக்கி, 10,000-ஆல் பெருக்கினால் ஒரு மில்லிக்கான எண்ணிக்கை. சராசரி 40 என்றால் மில்லிக்கு 8 லட்சம். நீலம் ஏறியவை இறந்தவை. உயிருள்ளவை 95 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் அன்றைக்குப் பரிசோதனை வேண்டாம்.

நம் பக்கத்துக்கென்றே சில சிரமங்கள் உண்டு. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கத் தொடங்கினால் தூசியும் பூஞ்சை விதைகளும் கதவிடுக்கு வழியாகவே உள்ளே வரும். அந்த மாதங்களில் இன்குபேட்டர் தட்டை வாரம் ஒருமுறை வெளியே எடுத்துத் துடையுங்கள். பல்லடம், அவிநாசி, திருப்பூர் பக்கம் நூற்பாலைக்கு அருகில் ஆய்வகம் இருந்தால் பஞ்சுத் துகள் ஹூடின் முன்வடிகட்டியை அடைத்துவிடும். அடிக்கடி கழற்றிப் பாருங்கள். ஈரப்பதத்துக்கு வைக்கும் தட்டில் போர் தண்ணீர் ஊற்றவே கூடாது. உப்புப் படிந்து தட்டு அரித்துப்போகும், அதில் பாசியும் பிடிக்கும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனித்தாலும் இன்குபேட்டருக்குக் காய்ச்சி வடித்துக் கிருமி நீக்கியதுதான். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று செய்தித்தாளில் போடுவார்கள். பரிசோதனை நாளை அதைப் பார்த்து வையுங்கள். ஜெனரேட்டர் இருந்தாலும், மாறும் அந்தச் சில நொடிகளில் லூமினோமீட்டர் அணைந்தால் அந்தத் தட்டு வீண்.

மைகோபிளாஸ்மாவைக் கண்ணால் பார்க்க முடியாது, மீடியத்தைக் கலக்காது. செல் வளரும், ஆனால் சிக்னல் மெல்ல மாறும். மாதம் ஒருமுறை பிசிஆர் செய்யுங்கள். வந்துவிட்டால் அந்தச் செல்லைக் காப்பாற்ற முயலாமல் ஆட்டோகிளேவ் செய்து எறிந்துவிட்டு, சுத்தமான பழைய குப்பியைத் திறப்பதே என் பரிந்துரை.

ஐந்தாவது படி: ஜீனை ஏற்றுவது

ஜர்காட்டுக்கு இரண்டு வழி: எலக்ட்ரோபொரேஷன் (மின் அதிர்வால் ஏற்றுவது), லென்டிவைரஸ். கொழுப்புத் துளி வகை ரீஏஜென்ட்கள் மிதக்கும் டி செல்லில் அவ்வளவாக ஏறாது. லென்டிவைரஸ் என்றால், வைரஸ் தயாரிக்கப் பயன்படும் எச்இகே293டி செல்லில் உங்கள் ஜீன் உள்ள பிளாஸ்மிட்டையும் பேக்கேஜிங் பிளாஸ்மிட்டுகளையும் சேர்த்துவிட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் மேலே நிற்கும் மீடியத்தை எடுத்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் விட்டு, ஜர்காட்டில் சேர்ப்பீர்கள்.

வைரஸை அதிகம் போட்டால் நல்லது என்று தோன்றும். அப்படியில்லை. செல் ஒன்றுக்குச் சராசரி 0.3 வைரஸ் என்ற கணக்கில் போட்டால் 26 சதவீதம் செல்களில் மட்டும் ஏறும். ஆனால் ஏறியவற்றில் 86 சதவீதத்தில் ஒரே ஒரு பிரதி இருக்கும். மீதி 74 சதவீதத்தை மருந்து கொன்றுவிடும், கவலையில்லை. நிறையப் பிரதிகள் ஏறிய செல்லில் பிடி-1 அளவுக்கு மீறி நிறைந்திருக்கும்; அங்கே ஆன்டிபாடி எவ்வளவு போட்டாலும் பத்தாது.

தேர்வு மருந்தை யாரோ சொன்ன அளவில் போடாதீர்கள். ஜீன் ஏற்றாத உங்கள் சொந்த ஜர்காட்டில் புரோமைசினைப் பல அளவுகளில் போட்டு, நான்கு நாட்களுக்குள் எல்லாவற்றையும் கொல்லும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடியுங்கள். ஜி418, ஹைக்ரோமைசின் என்ற மற்ற தேர்வு மருந்துகளுக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். ரிப்போர்ட்டருக்கு ஒரு மருந்து, பிடி-1-க்கு வேறொன்று, பின்னால் எதையாவது சேர்க்க நினைத்தால் மூன்றாவதும் மிச்சம் இருக்க வேண்டும். இதை முன்கூட்டியே திட்டமிடாவிட்டால் எல்லா பிளாஸ்மிட்டும் புரோமைசின் ஜீனோடு வந்து நிற்கும்.

வரிசை முக்கியம். முதலில் ரிப்போர்ட்டரை மட்டும் ஏற்றி, நல்ல குளோனை எடுத்து, உறைய வைத்துவிடுங்கள். அதே குளோனின் மேல் பிடி-1. அப்போதுதான் பிடி-1 இல்லாத ஜோடி செல் கையில் இருக்கும். இரண்டுக்கும் வேறுபாடு அந்த ஒரு ஜீன் மட்டுமே. சிடி28-ஐப் படிப்பவர்கள் கிரிஸ்பர் என்ற ஜீன் வெட்டும் முறை மூலம் ஜர்காட்டின் சொந்த சிடி28-ஐ நீக்கிய குளோனையும் உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் "சிடி28-ஆல்தான் கூடியது" என்று எழுதினால் நான் நம்பமாட்டேன்.

ஆறாவது படி: ஒற்றைச் செல்லிலிருந்து குளோன்

ஃப்ளோ சைட்டோமெட்ரி சார்ட்டர் (செல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும் கருவி) கிடைத்தால் குழிக்கு ஒரு செல் என்று போட்டுவிடலாம். உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் ஊருக்குள் வேறு நிறுவனத்தில் நேரம் கேட்டு வாங்கலாம். அதுவும் முடியாதென்றால் நீர்த்துப் பிரிக்கும் முறை: 96 குழித் தட்டில் குழிக்குச் சராசரி 0.5 செல் விழும்படி நீர்த்து ஊற்றுங்கள். வளர்ந்த குழிகளில் 77 சதவீதம்தான் ஒற்றைச் செல்லிலிருந்து வந்தவையாக இருக்கும். எனவே ஒருமுறை செய்து நிறுத்தாமல் அதே வேலையை மறுபடி ஒரு சுற்றுச் செய்ய வேண்டும். தனியாக விடப்பட்ட ஜர்காட் எளிதில் வளராது. ஏற்கெனவே ஜர்காட் வளர்ந்த மீடியத்தை வடிகட்டிப் பாதி சேர்த்தால் தைரியமாக வளரும்.

குளோனைத் தேர்ந்தெடுக்கும்போது அதிக ஒளி கொடுப்பதை எடுக்கத்தான் கை போகும். தூண்டாதபோது எவ்வளவு குறைவு, தூண்டும்போது எவ்வளவு மடங்கு கூடுகிறது என்ற விகிதத்தைப் பாருங்கள். மேற்பரப்பில் பிடி-1 இருப்பதை ஆன்டிபாடிச் சாயத்தால் உறுதி செய்து, பத்துப் பதினைந்து முறை பிரித்து வளர்த்த பிறகும் அது அப்படியே இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

ஏழாவது படி: பரிசோதனை நாள்

முந்தைய நாள் மாலை, பிடி-எல்1-உம் சிடி3 தூண்டியும் உள்ள சிஎச்ஓ செல்களை வெள்ளை நிற 96 குழித் தட்டில் குழிக்குச் சுமார் 40,000 போடுங்கள். ஒட்டிய செல்லைப் பிரித்தெடுக்கப் போடும் டிரிப்சின் மேற்பரப்புப் புரதங்களை வெட்டிவிடும். இரவு முழுவதும் விட்டால் அவை மறுபடி முளைத்து வரும், இரவு இடைவெளிக்கு அதுவும் ஒரு காரணம். ஓரக் குழிகளில் வெறும் பஃபர் ஊற்றுங்கள். நம் ஊர் வெயிலில் ஓரக் குழிகள் வேகமாக வற்றும், எண்கள் கோணும். உள்ளே உள்ள 60 குழிகள் போதும்.

மறுநாள் காலை மீடியத்தை எடுத்துவிட்டு, படிப்படியாக நீர்த்த ஆன்டிபாடியை ஊற்றி, அதன் மேல் ரிப்போர்ட்டர் ஜர்காட்டைச் சேர்த்து, 6 மணி நேரம் இன்குபேட்டரில் விடுங்கள். பிறகு தட்டை வெளியே எடுத்து அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, லூசிஃபெரின் ரீஏஜென்ட் ஊற்றி, சில நிமிடம் கழித்துப் படியுங்கள். தட்டு சூடாக இருக்கும்போதே ஊற்றினால் நடுக்குழியும் பக்கக்குழியும் வேறு எண் காட்டும்.

கன்ட்ரோல் குழிகள்தான் இந்தத் தட்டின் முதுகெலும்பு. வெறும் மீடியம், ஜர்காட் மட்டும், பிடி-எல்1 இல்லாத தூண்டும் செல்லோடு ஜர்காட், பிடி-எல்1 உள்ள செல்லோடு ஜர்காட், அதோடு அதே வகை ஆனால் பிடி-1-ஐப் பிடிக்காத ஆன்டிபாடி, பிடி-1 இல்லாத ஜோடி ஜர்காட்டோடு உங்கள் ஆன்டிபாடி. கடைசியாகச் சொன்னதில் ஆன்டிபாடி போட்டும் போடாமலும் ஒரே எண் வர வேண்டும். மாறினால் உங்கள் ஆன்டிபாடி வேறெதையோ செய்கிறது. ஒரு குழியில் சைக்ளோஸ்போரின் சேருங்கள். கால்சினியூரினைத் தடுப்பதால் என்ஃபாட் ஒளி விழுந்துவிட வேண்டும். விழவில்லையென்றால் நீங்கள் என்ஃபாட்டை அளக்கவே இல்லை.

ஒரு கணக்கு செய்து பார்ப்போம். புரிவதற்காக எடுத்த எண்கள் இவை. பின்னணி 200, பிடி-எல்1 இருக்கும்போது 10,000, ஆன்டிபாடி சேர்த்ததும் 35,000. பின்னணியைக் கழித்தால் 9,800-உம் 34,800-உம். வகுத்தால் 3.55 மடங்கு. இந்த மடங்கை ஆன்டிபாடியின் அடர்த்திக்கு எதிராக வரைந்தால் எஸ் வடிவ வளைவு வர வேண்டும். அதன் நடுப்புள்ளிதான் பாதி வீரிய அடர்த்தி. வளைவின் மேல் பகுதி சமமாகாமல் ஏறிக்கொண்டே போனால் அடர்த்தியைக் கூட்டி மறுபடி செய்யுங்கள், அந்த வளைவிலிருந்து எண் எடுக்காதீர்கள்.

உறைய வைப்பதும் பிறகு செய்ய வேண்டியதும்

நல்ல குளோன் கிடைத்த வாரமே குப்பிகளில் உறைய வையுங்கள்: சீரத்தில் 10 சதவீதம் டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்), மில்லிக்கு 50 லட்சம் முதல் 1 கோடி செல், நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிரவிட்டு, பிறகு திரவ நைட்ரஜன். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு நைட்ரஜன் கேன் புதிதல்ல. சினை ஊசி போட வருபவர் கொண்டுவருவது அதேதான், வெப்பநிலை அதே மைனஸ் 196. வெயில் காலத்தில் வேகமாகக் குறையும், அளவுக் குச்சி விட்டு வாரம் இருமுறை பாருங்கள். மூடிய சின்ன அறையில் ஊற்றாதீர்கள், ஆவியாகும்போது பிராணவாயுவைத் தள்ளிவிடும். திரவத்துக்குள் மூழ்கியிருந்த குப்பி வெளியே எடுத்ததும் வெடிக்கலாம், முகம் முழுவதையும் மறைக்கும் கடினமான கவசம் கட்டாயம். எத்தனையாவது முறை பிரித்து வளர்த்தது, எந்தக் குளோன், எந்த மருந்துகளில் தேறியது என்பதைக் குப்பியிலும் நோட்டிலும் எழுதுங்கள்.

இனி வரும் விடையை மனித ரத்தத்தின் டி செல்லில் ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும், அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி தனி. 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற சிடி28 தூண்டும் ஆன்டிபாடியை முதன்முறையாக ஆறு தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். குரங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500-இல் ஒரு பங்குதான் அது. சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் சைட்டோகைன் புயல் (நோய் எதிர்ப்புச் செல்களின் சிக்னல் புரதங்கள் கட்டுமீறிச் சுரப்பது), உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள், உயிர் தப்பினார்கள். குரங்கின் நினைவு டி செல்களில் சிடி28 இல்லாமல் போயிருந்தது பிறகுதான் புரிந்தது. சிடி28, 4-1பிபி போன்றவற்றைத் தூண்டும் ஆன்டிபாடியை ஜர்காட்டில் அளந்து நல்ல வளைவு கிடைத்ததும், அடுத்த தட்டில் குறைந்தது மூன்று பேரின் ரத்தத்திலிருந்து பிரித்த டி செல்களை வைத்து, ஐஎல்-2, இன்டர்ஃபெரான் காமா, டிஎன்எஃப் என்ற மூன்று சைட்டோகைன்களையும் எலைசா என்ற ஆன்டிபாடிச் சோதனையில் அளந்து பாருங்கள். ஆன்டிபாடியை மீடியத்தில் கரைத்தும் ஒரு வரிசை, தட்டின் அடியில் உலரவைத்துப் பதித்தும் ஒரு வரிசை போட வேண்டும். டிஜிஎன்1412-இன் ஆபத்து மனித ரத்தச் செல்லோடு கரைசலாகக் கலந்தபோது தெரியவில்லை; தட்டில் பதித்தபோதுதான் தெரிந்தது.